நாலு தம்ளரில் பத்தரை மாத்திரை

உங்கள் பேத்தி அந்தக் கான்வென்டிலா படிக்கிறாள் அக்கா? பையில் பேட்ஜ் குத்தியிருக்கிறதே, அதனால்தான் கேட்டேன். எத்தனாவது? நாலாவதா. அப்படியென்றால் இன்னும் ஒரு வருஷம் தப்பித்தீர்கள். ஐந்தாவது போனால் மர்சலின் மிஸ் வருவாள். பெயரை மறந்துவிடாதீர்கள். சயின்ஸ் எடுக்கிறாள். எடுக்கிறாளாம்.

உட்காருங்கள், நான் நகர்ந்துகொள்கிறேன். உங்கள் பேத்திக்குக் காய்ச்சல்தானே? காய்ச்சல் இறங்கிவிடும். என் பிள்ளை உள்ளே கிடக்கிறான். அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால். ஜோவின் என்று பெயர், இரண்டரை வயசு. மாத்திரை தின்றுவிட்டான். தலைவலி மாத்திரை. எத்தனை தின்றான் என்று யாருக்கும் தெரியவில்லை. என் வீட்டுக்குள் மாத்திரையைக் கொண்டுவந்து மேசையில் பரப்பச் சொன்னது யார்? மர்சலின் மிஸ்.

பெற்றவள் ஏன் வெளியே உட்கார்ந்திருக்கிறாள் என்றுதானே பார்க்கிறீர்கள்? நான் சத்தம் போடுகிறேனாம். நர்ஸ் சொல்கிறாள், "நீங்க கத்துறதுல பிள்ள மிரளுது, வெளிய இருங்க." இருபது வயசுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. என் பிள்ளைக்கு ஊசி குத்துவாளாம், நான் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமாம். வீட்டுக்காரரும் மாமியாரும் உள்ளே இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் மிரளாதாம்.

அதோ, தண்ணீர்க் கேன் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாளே, மஞ்சள் சுடிதார், அவள்தான் என் மூத்தவள். லின்சி. பத்து வயசு. கூப்பிடாதீர்கள், வர மாட்டாள். காலையில் ஒரு அறை விட்டேன். கன்னத்தில் இன்னும் தெரிகிறது. தெரியட்டும்.

பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் எக்சிபிஷன். திங்கட்கிழமை. நாங்களும் அதே கான்வென்டில்தான் படித்தோம் அக்கா, எங்களுக்கும் எக்சிபிஷன் இருந்தது. எங்கள் சிஸ்டர் என்ன செய்வார்கள் தெரியுமா? செம்பருத்திப் பூவை நெடுக்காக வெட்டி, சார்ட்டில் வரைந்து, பாகங்களை ஸ்கேல் வைத்து ஒரே நேராகக் கோடு போட்டுக் குறிக்கச் சொல்வார்கள். கோடு கோணினால் விரல் கணுவில் அடி. முடிந்தது சயின்ஸ். கேள்வி கேட்பது டீச்சர் வேலை, பதில் சொல்வது பிள்ளைகள் வேலை. இவள் தலைகீழாக்கிவிட்டாள். "கேள்வி உங்க வீட்டுலருந்து வரணும். புத்தகத்துலருந்து வரக் கூடாது"ன்னு சொல்லியிருக்கிறாள். வீட்டிலிருந்து கேள்வி! வீடு என்ன கேள்வி கேட்கும்?

பெற்றோர் கூட்டத்தன்று எங்களையெல்லாம் பின் பெஞ்சில் உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பி உன் கேள்வியைச் சொல் என்றாள். ஒருத்தி, எந்தச் சோப்பில் நுரை அதிகம் வரும். சரி. ஒருத்தி, மழை நாளில் உப்பு ஏன் நசநசக்கிறது. அவள் அப்பாவுக்கு உப்பளம், அதுவும் சரி. எங்கள் தூத்துக்குடியில் அதைக் கேட்காமல் வேறெங்கே கேட்பது? என் மகள் எழுந்தாள். பின்னல் இரண்டும் நான் போட்டது. நன்றாகத்தான் நின்றாள். நின்று என்ன சொன்னாள் தெரியுமா?

"எங்க அம்மாவுக்குத் தலைவலி வரும். மாத்திரை போட்டா அது கரையிற வரைக்கும் நாங்க யாரும் பேசக் கூடாது. அதனால எதுல போட்டா மாத்திரை சீக்கிரம் கரையும்னு கண்டுபிடிக்கப் போறேன் மிஸ்."

நாற்பது பேர் அக்கா. நாற்பது வீட்டுத் தாய் தகப்பன். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் செயினைச் சரிசெய்துகொண்டாள். அவள் மகள் கேட்ட சோப்பு நுரைக்குக் கைதட்டாத அந்த மிஸ், என் மகளுக்குக் கைதட்டுகிறாள். "இதுதான் நிஜமான கேள்வி"ங்கிறாள். நிஜமான கேள்வியாம். மற்றவர்கள் கேட்டதெல்லாம் பொய்க் கேள்வியா?

வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். "வீட்டு விஷயத்த எதுக்குளா சந்தியில சொன்ன?" என்றால், "மிஸ்தாம்மா வீட்டுலருந்து கேக்கச் சொன்னாங்க"ன்னு முணுமுணுக்கிறாள்.

அப்புறம்தான் எனக்கு ஒன்று உறைத்தது. அதற்கு முன்னால் ஒரு மாசமாகவே நான் மாத்திரைக்குத் தண்ணீர் கேட்டால் இவள் வெந்நீர் கொண்டுவந்து தருகிறாள். ஆற்றி, குடிக்கிற பதத்தில். என் பிள்ளைக்கு என்மேல் எத்தனை பாசம் என்று நான் பூரித்துப்போயிருந்தேன். ஒருநாள் எலுமிச்சை ஜூஸ். ஒருநாள் காலை ஏழு மணிக்குச் சோடா. காலை ஏழு மணிக்கு யாராவது சோடா குடிப்பார்களா? அதையும் வாங்கிக் குடித்தேன். குடித்துவிட்டுப் படுத்தால், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "இப்ப சரியாயிடுச்சாம்மா? இப்ப?" போடி என்று கத்துவேன். என்னையே எலியாக வைத்துச் சோதனை செய்திருக்கிறாள் அக்கா, பெற்ற தாயை!

தலைவலி எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாது. வந்தவர்களுக்குத்தான் தெரியும். ஜோவின் பிறந்தபோது முதுகில் ஊசி போட்டார்கள், அதிலிருந்து பிடித்துக்கொண்டது. காலையில் எழும்போதே நெற்றியில் உட்கார்ந்திருக்கும். எங்கள் தெருவில் ஹார்பர் லாரி ஓயாது. மாமியார் டிவியில் ஜெபமாலை போட்டால் தெருமுனை வரை கேட்கும். வீட்டுக்காரர் கிளாட்வின் ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறார், ஷிஃப்ட் முடிந்து வந்தால் இரும்புச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அவரும் கத்தித்தான் பேசுவார். சின்னவன் பிறவியிலேயே கத்தல். நான் என்ன கேட்டேன்? கொஞ்ச நேரம். மாத்திரை உள்ளே போய்க் கரைகிற நேரம் மட்டும் வாயை மூடிக்கொண்டிருங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். அது ஒரு குற்றமா? அதைப் போய் எக்சிபிஷனில் வைப்பார்களா?

ஆனால் நான் முன்னைப் போலெல்லாம் மாத்திரை போடுவதில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது. போன தவக்காலத்தில், ஈஸ்டருக்கு முன்னால் வருகிற நாற்பது நாளில், நிறுத்திவிட்டேன். விபூதிப் புதனன்று கோயிலுக்குப் போய்ச் சாம்பல் பூசிவிட்டு வந்தோம். வீட்டில் ஆளுக்கொன்றை விட வேண்டும் என்று பேச்சு. இவர் பீரை விட்டார். மாமியார் மீனை விட்டார். நான் சீனியை விடுகிறேன் என்றேன். மாமியார் விடவில்லை.

"சீனி கெடக்கட்டும். நீ மாத்திரைய விடு. மிக்சர் கொறிக்கிற மாதிரில்லா கொறிக்க" என்றார்.

"நான் எங்க அத்தை கொறிக்கேன்?"

"அப்ப பிள்ள தலையில கைய வச்சுச் சொல்லு. இனிமே போட மாட்டேன்னு சொல்லு, பாப்போம்."

ஜோவின் அவர் மடியில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தான். தலை முழுக்க முறுக்குத் தூள். இவர் பார்த்துக்கொண்டே நிற்கிறார். நான் கையை வைத்தேன். சொன்னேன். ஆனால் மனசுக்குள் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டேன் அக்கா. முழு மாத்திரை போட மாட்டேன் என்று. பாவங்களைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்கும்போது நாங்களெல்லாம் அப்படித்தான், எதை எப்படிச் சொன்னால் சாமியார் குறைவாகத் திட்டுவார் என்று மனசுக்குள் சேர்த்துக் கழித்து வைத்துக்கொள்வோம். கான்வென்ட் பிள்ளைகளுக்குத் தெரியும்.

ஈஸ்டர் வந்தது. இவர் அன்றைக்கே பீர் குடித்தார். மாமியார் மறுநாள் சீலா மீன் வாங்கினார். எனக்கு மட்டும் ஈஸ்டர் வரவேயில்லை. கேட்டால், "நீ பிள்ள தலையில அடிச்சில்லா சொல்லியிருக்க" என்கிறார். நானும் அன்றிலிருந்து இன்றுவரை ஒரு முழு மாத்திரை போட்டதில்லை. அரைதான். உடைத்து அரை. கொஞ்ச நேரம் பார்ப்பேன், கேட்கவில்லையென்றால்தான் மற்ற அரை. அது வேறு அரை. இரண்டையும் சேர்த்து ஒன்றென்று யாரும் சொல்ல முடியாது, நடுவில் நேரம் இருக்கிறதே.

சரி, அதை விடுங்கள். மிஸ் விஷயத்துக்கு வருகிறேன்.

சோதனைக்கு மாத்திரை வேண்டும் என்றாள் லின்சி. நாலு போதுமாம். நாலு தம்ளர், நாலு மாத்திரை: பச்சைத் தண்ணீர், வெந்நீர், எலுமிச்சை ஜூஸ், சோடா. நான்தான் சொன்னேன், நாலு என்று கேட்டால் மெடிக்கல்காரன் முறைப்பான், ஒரு அட்டையாகவே வாங்கிக்கொள், மீதி வீட்டில் அவசரத்துக்குக் கிடக்கட்டும் என்று. பள்ளிக்கூட வேலை என்றதும் மாமியாரே காசு எடுத்துக் கொடுத்தார். வியாழக்கிழமை வாங்கினாள். பதினைந்து மாத்திரை அட்டை. பிள்ளைகள் கையில் படக் கூடாது என்று நான்தான் வாங்கி வைத்துக்கொண்டேன். பொறுப்பாகத்தான் இருந்திருக்கிறேன், நீங்களே சொல்லுங்கள்.

இன்றைக்குச் சனிக்கிழமை, லீவு. இவள் காலையிலேயே சாப்பாட்டு மேசையில் நாலு தம்ளரை வரிசையாக வைத்து, சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் படுத்திருந்தேன். தூங்கவில்லை. ஈரத் துண்டைக் கண்மேல் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். சின்னவன் என் பக்கத்தில்தான் ஏறி விளையாடிக்கொண்டிருந்தான். தலையணையை இழுத்தான், இழுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். திடீரென்று த்தூ த்தூ என்று சத்தம். துண்டை எடுத்துப் பார்த்தால், முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிறான். உதடெல்லாம் வெள்ளை. சுண்ணாம்பு பூசினதுபோல் வெள்ளை. மெத்தையில் அட்டை கிடக்கிறது.

எனக்கு உயிரே இல்லை அக்கா. வாயில் விரலை விட்டேன், கடித்தான். ஒன்றும் வரவில்லை. கசப்புதான் ஒழுகுகிறது. வெளியே ஓடினால் இவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "அம்மா, சோடாவுல போட்டது இன்னும் கரையலம்மா"ன்னு சொல்கிறாள். விட்டேன் ஒரு அறை. தம்ளர் ஒன்று கீழே விழுந்து உருண்டது. மாமியார் அலறிக்கொண்டு வந்தார். ஆட்டோ. ஆட்டோவில் இவள் வர வேண்டாம் என்றேன், தானாக ஏறி ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டரம்மா நல்லவர்தான். எடுத்தவுடன் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. "எத்தனை மாத்திரை?"

"இவளைக் கேளுங்க டாக்டர். இவ பண்ண வேலை" என்றேன்.

அட்டையை வாங்கிப் பார்த்தார். நாலு பாக்கி இருந்தது. பதினொன்றைக் காணோம். "ஒண்ணு, ரெண்டுன்னா பயமில்ல. அதுக்கு மேலன்னா ஈரலைப் பாதிக்கும். ரத்தத்துல பாக்கலாம், ஆனா அந்த டெஸ்ட்டுக்கு மதுரைக்கு அனுப்பணும், ராத்திரி ஆயிடும். அதுவரைக்கும் காத்திருக்க முடியாது. யோசிச்சு, எண்ணிச் சொல்லுங்க." அப்புறம் லின்சியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "நீ சொல்லு கண்ணு. உன் சோதனைக்கு எத்தனை எடுத்த?"

"பத்தரை."

"பத்தரையா? எத்தனை தம்ளர்?"

"நாலு."

"நாலு தம்ளர்ல எப்படிம்மா பத்தரை மாத்திரை?"

என்னைப் பார்க்கிறாள். என்னை ஏன் பார்க்க வேண்டும்? டாக்டர் கேட்டால் டாக்டரைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். அப்புறம் மெதுவாக, "தம்பி அரைதான் சாப்பிட்டான் டாக்டர். நிச்சயமா அரைதான்" என்றாள்.

மாமியாருக்கு எங்கிருந்துதான் காது வந்ததோ. "அரை எங்கருந்துளா வந்துச்சு? நம்ம வீட்டுல யாரு மாத்திரைய உடைக்கா?" என்று என் பக்கமாகத் திரும்பினார். அதற்குள் இவரும் டியூட்டியிலிருந்து ஓடி வந்துவிட்டார், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நிற்கிறார். இரண்டு பேரும் என்னைப் பார்க்கிறார்கள்.

"எங்க வீட்டுல மாத்திரைய உடைக்கிற பழக்கமே கிடையாது டாக்டர்" என்றேன். "இவ பொய் சொல்றா. நாலு தம்ளர்னா நாலுதான் போட்டிருப்பா."

டாக்டர் என்னைப் பார்த்தார். "அப்ப மீதி ஏழும் இந்தப் பையன் வயித்துல இருக்குன்னு சொல்றீங்களா?"

நான் எங்கே அப்படிச் சொன்னேன்? அவர் வார்த்தையை என் வாயில் திணிக்கிறார். அதற்கப்புறம்தான் நான் சத்தம் போட்டேனாம், என்னை வெளியே அனுப்பினார்கள். இப்போது ட்ரிப் ஏற்றப் போகிறார்கள். கேட்கிறதா? அவன்தான் அழுகிறான். நரம்பு கிடைக்கவில்லையாம். கையில் குத்திப் பார்த்தாகிவிட்டது, இப்போது காலில் குத்துகிறார்கள். குண்டுக் கால் அக்கா அவனுக்கு, எங்கே நரம்பு தெரியும்? எல்லாம் மர்சலின் மிஸ். நான் சும்மா விட மாட்டேன். ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் எனக்குச் சீனியர், அவர்களிடமே போவேன்.

என்ன கேட்டீர்கள்?

மீதி ஏழு எங்கே போயிற்று என்றா? அதைத்தானே நானும் கேட்கிறேன்! அவளைக் கேளுங்கள். கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள் பாருங்கள், அவள் அப்பா வீட்டு அழுத்தம். நானா? நான்தான் சொன்னேனே, முழுசாக ஒன்றும் போடவில்லை என்று. வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு அரை போட்டேன். சரி, படுக்கும்போது இன்னொன்று. வெள்ளிக்கிழமை காலையில் மாமியாருக்கும் எனக்கும் தேங்காய் விஷயத்தில் ஒரு சண்டை, அப்போது ஒன்று, அப்புறம் ஒன்று. மத்தியானம்... மத்தியானம் கணக்கில் வராது, அது வாந்தியில் போய்விட்டது. சாயங்காலம்...

அப்படிப் பார்க்காதீர்கள் அக்கா.

தண்ணீர் கொடுத்தது அவள். ஒவ்வொரு தடவையும் வெந்நீர் கொண்டுவந்து நின்றது அவள்தான். அவளுக்குத் தெரியும். பத்தரை என்று எப்படிச் சொன்னாள்? என்னுடையதையும் தன் தம்ளரில் போட்டுக்கொண்டாள்.

தெரிந்து நான் என்ன செய்ய? உள்ளே போய்ச் சொல்லச் சொல்கிறீர்கள். சுலபமாகச் சொல்கிறீர்கள். யார் தலையில் கை வைத்துச் சொன்னேன் நான்? அந்தத் தலைதான் அந்தக் கட்டிலில் கிடக்கிறது. இதைச் சொன்னால் என்ன அர்த்தம்? நான் பொய்ச் சத்தியம் பண்ணினேன், அது அவன்மேல் விழுந்தது என்று அர்த்தம். மாமியார் அதைத்தான் சொல்லப்போகிறார். என் மனசும் காலையிலிருந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் கத்திக்கொண்டே இருக்கிறேன். அரைக்கு எந்தச் சாமி கணக்குப் பார்க்கும்? சத்தியம் வேண்டுமென்றால் என் தலையில் அடித்து வாங்கியிருக்கலாம். தன் மகன் தலையிலேயே வாங்கியிருக்கலாம். பால் மணம் மாறாத பிள்ளைத் தலைதான் கிடைத்ததா அந்த அம்மாவுக்கு?

இருங்கள். இவர் வெளியே வருகிறார். எங்கே போகிறார்? லின்சியைக் கூப்பிடுகிறார். காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார் பாருங்கள். கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறார்கள். மாமியார் குரல்தானே அது? என்ன சொல்கிறார்? "பத்தரைங்கிறது நெசம்னா, தம்பி தலையில கைய வச்சுச் சொல்லு."

அவள் வைத்துவிடுவாள் அக்கா. என் மகள் வைத்துவிடுவாள். என் பையைப் பிடியுங்கள்.

*

பையைக் கொடுங்கள். இல்லை, உங்கள் மடியிலேயே இருக்கட்டும்.

வைக்கப் போனாள் அக்கா. கை அவன் நெற்றிக்கு மேலே வந்துவிட்டது. முகத்தில் ஒரு சலனம் இல்லை, வீட்டுப்பாடம் ஒப்பிக்கிறவள்போல் நிற்கிறாள். நான் போய் மணிக்கட்டைப் பிடித்தேன். கொஞ்சம் பலமாகத்தான் பிடித்துவிட்டேன். "கைய எடுடி"ன்னு கத்தினேன். அந்தச் சின்ன நர்ஸ் மறுபடியும், "மேடம் சத்தம்" என்றாள்.

"ஆறரை என்னுது டாக்டர். எழுதிக்கோங்க" என்றேன். "நாலு அவ தம்ளர்ல போட்டா. ஆறரை நான் போட்டேன். மிச்சம் அரை தலையணைக்கு அடியில இருந்துச்சு, அதைத்தான் இவன் எடுத்திருக்கான்."

"ஆறரையா!" என்றார் மாமியார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "சேசுவே, ஆறரையா!"

"பதிமூணு அரை, அத்தை. முழுசா ஒண்ணுகூடக் கிடையாது."

சொன்னேன். அந்த நேரத்திலும் சொன்னேன். டாக்டர் பேனாவை மூடிவிட்டுச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் பார்த்தார். அப்புறம் நர்ஸிடம், "ஊசிய எடுத்துடு. ட்ரிப் வேண்டாம். அரை மாத்திரைங்கிறது இவன் எடைக்குக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற அளவைவிடக் கொஞ்சம்தான் கூட. சாயங்காலம் வரைக்கும் பாத்துட்டு அனுப்பிடலாம்" என்றார். என்னிடம் திரும்பி, "இதை வந்ததுமே சொல்லியிருந்தீங்கன்னா இந்தப் பிள்ளைக்கு மூணு குத்து மிச்சம்" என்றார். எல்லோர் முன்னாலும்.

இவர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். டீக்கடையில்தான் நிற்பார், வருவார். மாமியார் மட்டும் விடவில்லை. "எம் பேரன் தலையில கைய வச்சுல்லா, எம் பேரன் தலையில கைய வச்சுல்லா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். என் வாயும் சும்மா இருக்கவில்லை. "உங்க பேரன் தலை நல்லாத்தான் இருக்கு, பிஸ்கட் தின்னுட்டிருக்கு பாருங்க" என்றேன். நிஜமாகவே தின்றுகொண்டிருந்தான், நர்ஸ் கொடுத்தது. என்னைப் பார்த்ததும் ஈரப் பிஸ்கட்டை என் வாயில் திணித்தான்.

அப்புறம் டாக்டர் சொன்னதைக் கேளுங்கள். எத்தனை மாசமாக இப்படிப் போடுகிறேன் என்று கேட்டுவிட்டு, இந்தத் தலைவலியே இப்போது மாத்திரையால்தான் வருகிறதாம். தினம் போட்டுப் போட்டு, போடாவிட்டால் வலிக்கிறதாம். நிறுத்தினால் கொஞ்ச நாள் அதிகமாக வலித்துவிட்டு அப்புறம் குறையுமாம். வலிக்குப் போடுகிற மாத்திரையால் வலி வருமாம்! எந்த ஊரிலாவது கேட்டிருக்கிறீர்களா? இந்த டாக்டரம்மாவும் மர்சலின் மிஸ்ஸிடம் படித்தவராக இருப்பார். திங்கட்கிழமை அந்த மிஸ்ஸைப் பார்க்கத்தான் போகிறேன், அதில் மாற்றமில்லை. மூன்று தம்ளர்தான் மிச்சம், ஒன்று உருண்டுவிட்டது, என் மகள் என்ன வைப்பாள் எக்சிபிஷனில்? அதற்கும் ஒரு பதில் சொல்லட்டும்.

எனக்கும் ரத்தம் எடுக்க வேண்டுமாம். ஈரல் எப்படி இருக்கிறது என்று பார்க்க. குழந்தைகள் ஆஸ்பத்திரியில் எனக்கு டோக்கன் போட்டிருக்கிறார்கள், பெயர் எழுதி, வயசு எழுதி. வந்துவிட்டாள் பாருங்கள், அதே சின்ன நர்ஸ், டப்பாவோடு. இங்கேயே எடுத்துவிடுகிறாளாம். கையை நீட்டுங்கள் என்கிறாள். எனக்கு ஊசி என்றால் ஆகாது அக்கா, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். ரப்பரை இவ்வளவு இறுக்கிக் கட்ட வேண்டுமா?

நீ எப்போதுடி வந்தாய்? உள்ளே தம்பியிடம் இரு என்றேனே. என்ன? எனக்கு ஒன்றும் இல்லை. ஈரலுக்கெல்லாம் ஒன்றும் ஆகியிருக்காது. சும்மா பார்க்கிறார்கள். ஏய், எதற்கு அழுகிறாய்? குத்துவது எனக்குத்தானே? அறைந்தபோதுகூட நீ... சரி, வா. இந்தப் பக்கம் வா, இந்தக் கை சும்மாதான் இருக்கிறது. முகத்தைத் துடை. மூக்கு ஒழுகுகிறது, எல்லோரும் பார்க்கிறார்கள். துடைக்க வேண்டாம், விடு, அழு.

சிஸ்டர், ஊசியை அப்படியே வைத்துக்கொண்டு கொஞ்சம் பொறுங்கள். இவள் அழுது முடிக்கட்டும்.